நான் கீறிக்கொடுத்த குறி

1

இந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டு பேஸ்மன்றில் மாட்டுத்தோல் மணந்தது.

ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் இருக்கிறோம். பேஸ்மன்ற் என்பது வீட்டுக்கு அடியில், மண்ணுக்குள் இருக்கும் அறை. பலர் அதை வாடகைக்கு விடுவார்கள். நாங்கள் மகளுக்கு விட்டுவிட்டோம். நிலானி அங்கே இரண்டு தையல் இயந்திரங்களையும் தலையில்லாத ஒரு துணிப் பொம்மையையும் வைத்திருந்தாள். காலையில் நான் வேலைக்குப் போகும்போது பொம்மையின் மேல் வெறும் டெனிம் துணி தொங்கும். மாலையில் வந்து பார்த்தால் அதற்குத் தோளும் கழுத்தும் முளைத்திருக்கும்.

அவள் ஆடை வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருடம். மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்தும் அதை விட்டுவிட்டு இதற்குப் போனவள். கொழும்பிலிருக்கும் என் தம்பியிடம் தொலைபேசியில், "பிள்ளை டிசைனிங் படிக்கிறாள்" என்று சொன்னேன். அவன் கட்டடங்களை நினைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டான். நான் திருத்தவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊரில் நான் அரசாங்க மிருக வைத்தியர். வன்னி முழுவதும் மாடு பார்த்தவன். இங்கே வந்ததும் என் படிப்பை ஏற்றுக்கொள்ளும்படி ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். சான்றிதழ் நான் கொடுத்தால் செல்லாது, படித்த இடத்திலிருந்து முத்திரையோடு நேரே வரவேண்டும் என்றார்கள். அங்கே எழுதினேன். யுத்தத்தில் தபால் எங்கே போனதோ தெரியாது. மறுபடியும் எழுதினேன். கடைசியில் ஒரு பெண் உத்தியோகத்தர், முத்திரை வந்தாலும் எல்லாப் பரீட்சைகளையும் முதலிலிருந்து எழுதவேண்டும், உங்கள் வயதில் அது தேவையா என்று மிகவும் அன்பாகக் கேட்டார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இப்போது மிசிசாகாவில், விமான நிலையத்துக்குக் கிட்ட, ஓர் அலுவலகக் கட்டடத்தின் வாசல் மேசையில் காவலாளியாக இருக்கிறேன். மாட்டைப் பால் பெட்டியின் படத்தில் மட்டும் பார்க்கிறேன்.

ஆகவே என் மகள் ஒருநாள் வீட்டுக்குள் ஒரு முழு மாட்டுத்தோலைச் சுருட்டிக்கொண்டு வந்தபோது, அதைத் தடவிப் பார்த்து, "நல்ல மாடு, உண்ணி கடிச்ச அடையாளம் கூட இல்லை" என்று சொன்னவன் நான்தான். அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று இளகியது.

2

நிலானியோடு சேர்ந்து வேலை செய்தவன் டேரியஸ். ரெக்சஸில் பிறந்து, படிக்க ரொறன்ரோவுக்கு வந்த கறுப்பினப் பையன். நல்ல உயரம். எங்கள் பேஸ்மன்றின் கூரை அவன் தலையில் முட்டும். இருவரும் சேர்ந்து ஒரு தொகுதி ஆடைகளைச் செய்து கல்லூரியின் இறுதிக் கண்காட்சியில் வைக்கவேண்டும். அதற்கு அவன் கொண்டுவந்த கதைதான் கௌபாய்.

நான் ஊரில் தியேட்டரில் பார்த்த கௌபாய் எல்லோரும் வெள்ளைக்காரர். டேரியஸ் அதைக் கேட்டுச் சிரித்தான். ரெக்சஸில் மந்தை ஓட்டி மாடு சாய்த்தவர்களில் நிறையப் பேர் கறுப்பர்கள்தான் என்றான். அவனுடைய தகப்பன் வழியில் எல்லோரும் அந்தத் தொழில். தாய் மெக்சிக்கோக்காரி. அவளுடைய ஊரில் குதிரைச் சேணத்திலும் இடுப்புப் பட்டியிலும் பூவேலை செய்வார்கள். நூல் பருத்தி அல்ல. எங்கள் ஆனைக்கற்றாழை போன்ற ஒரு செடியின் இலையைச் சுரண்டி, நாரைக் கழுவி வெளுக்கவைத்து, தொடையில் வைத்து உருட்டித் திரிப்பார்களாம். தோலில் ஊசியால் துளையிட்டு அந்த நாரைக் கோத்து இழுக்கவேண்டும். தாய் அதை டேரியஸுக்குப் பழக்கினாள், அவன் நிலானிக்குப் பழக்கினான்.

என் மனைவி பரிமளத்துக்கு முதலில் அவனைக் கண்டால் பயம். பிறகு அவன் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிடுகிற விதத்தைப் பார்த்துப் பயம் போய்விட்டது. தமிழில் இரண்டு சொல் கற்றுவைத்திருந்தான்: போதும் என்பதற்குக் 'காணும்', ஆம் என்பதற்கு 'ஓம்'.

"அன்ரி, காணும், காணும்."

"காணும் எண்டு சொல்லிக்கொண்டே கோப்பையை நீட்டுறான், பாருங்கோ" என்பாள் பரிமளம்.

"ஓம், அன்ரி" என்பான், எதற்கென்று விளங்காமலே.

ஒரு மாலை நான் தேநீர் கொண்டு கீழே போனேன். அவன் ஒரு தோல் துண்டில் ஒரு வடிவத்தைத் தைத்துக்கொண்டிருந்தான். ஓர் அரை வட்டம், அதன் அடியில் ஒரு கோடு. என்னவென்று கேட்டேன்.

அது அவர்களுடைய மாட்டுக்குறி. அவனுடைய பூட்டனின் தகப்பன் அடிமையாக இருந்தவர். அவரை வாங்கியவன் மாட்டுக்குச் சுடுகிற அதே இரும்பால் அவருடைய தோளிலும் சுட்டிருந்தான். விடுதலை வந்தபின் அவர் கூலிக்கு மாடு சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்த மாடு சேர்த்தார். வீடு கட்டுவதற்கு முன்பே போய்த் தனக்கென்று ஒரு குறியைப் பதிவுசெய்தாராம். அந்த அரை வட்டம் உதிக்கிற சூரியனா அல்லது தொப்பியா என்று அவர்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை.

"நீங்கள் மாட்டு வைத்தியர். உங்களுக்கு விளங்கும், அங்கிள்" என்று டேரியஸ் ஆங்கிலத்தில் சொன்னான்.

எனக்கு விளங்கியது. அதை இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன்.

3

சில நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, நிலானி கையில் பென்சிலோடு மேலே வந்தாள்.

"அப்பா, உங்கட ஐயாவிட்டை மாட்டுப்பட்டி இருந்ததெல்லோ? எங்கட குறி என்ன?"

"என்னத்துக்கு?"

"ஜாக்கெற்றின்ரை முதுகில டேரியஸின்ரை குறி வருது. அது அவன்ரை வீட்டுக் கதை. நான் எங்க? புரொஃபெஸரும் அதைத்தான் கேட்டவ, வெயர் ஆர் யூ இன் திஸ் எண்டு. எங்கட வீட்டுக் குறியைக் கீறித் தாங்கோ."

வன்னியில் மாடு வைத்திருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மாடுகள் காட்டோரம் அவிழ்த்தபடி மேயும். மாறிப் போகாமல் இருக்கக் கன்றிலேயே குறி சுடுவார்கள். எங்கள் பகுதியில் இரண்டு குறி. ஒரு பக்கத்தில் சொந்தக்காரரின் பெயரெழுத்து. என் தகப்பனாருக்கு 'வே', 'க' என்று இரண்டெழுத்து. மறுபக்கத்தில் சாதிக்குறி. எங்களுடையது தண்டோடு நிற்கும் ஒரு பூ. எழுத்து, மாடு யாருடையது என்று சொல்லும். அதற்கு மேல் பூவுக்கு ஒரு வேலையும் இல்லை, சொந்தக்காரன் யாருக்கு மேலே, யாருக்குக் கீழே என்று சொல்வதைத் தவிர.

எல்லோரும் அந்தப் பூவைச் சுட முடியாது. வயல் வேலைக்கு வந்த ஒருவர், கூலிக்குக் கிடைத்த பசு ஈன்ற கன்றில் ஆசைக்கு அந்தப் பூவைச் சுட்டுவிட்டார். சில நாளில் அந்தப் பூவின் மேல் யாரோ குறுக்கும் நெடுக்குமாகக் காய்ச்சிய இரும்பை இழுத்திருந்தார்கள். புண்ணில் புழு வைத்தபின் கன்றை என்னிடம் கொண்டுவந்தார். சுத்தம் செய்து மருந்து போட்டேன். கன்று பிழைத்தது. யார் செய்தது என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

மகள் கேட்டது வீட்டுக் குறி. சரியான பதில் இரண்டெழுத்து. நான் பென்சிலை வாங்கிப் பூவைக் கீறினேன்.

"பூவா! அப்பா, திஸ் இஸ் சோ பியூட்டிஃபுல். டேரியஸின்ரை அம்மா தைக்கிறதும் பூத்தான்."

"எங்க வைக்கப்போறாய்?"

"அவன்ரை குறிக்குப் பக்கத்தில. சைட் பை சைட்."

"பக்கத்தில வைச்சால் ஒண்டையொண்டு மறைக்கும். பூவை மேல வை. அதைக் கீழ வை. பார்க்க வடிவாயிருக்கும்."

அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். "ஓம், அப்பிடியும் செய்யலாம். நல்ல கண் உங்களுக்கு, அப்பா."

எனக்கு டேரியஸைப் பிடிக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் அவனும் என் மகளும் வெறும் சிநேகிதர் இல்லை என்பது பரிமளத்துக்கும் எனக்கும் தெரிந்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் நான் படித்த படிப்பு, பேசிய பேச்சு எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கும். வாருங்கள் என்று சொல்லவும் மனம் வரவில்லை. வாயால் செய்ய முடியாததைப் பென்சிலால் செய்தேன். எவருக்கும் தெரியாமல் அவனுடைய குறியை என்னுடையதற்குக் கீழே வைத்தேன். அந்தக் குறியை ஏன் பதிவுசெய்தார்கள் என்று அவன் வாயால் கேட்டறிந்த பிறகு வைத்தேன்.

பிறகு அவள் வாரக்கணக்கில் அந்தப் பூவைத் தைத்தாள். ஒவ்வொரு தையலுக்கும் தோலில் ஒரு துளை. விரல் நுனியெல்லாம் புண். பரிமளம் பிளாஸ்ரர் சுற்றிவிடுவாள். நான் தேநீர் கொண்டு போய்ப் போய்ப் பார்த்தேன். தண்டு வந்தது, இதழ்கள் வந்தன. எந்த நாளும் வாயைத் திறந்திருக்கலாம். "இந்த இதழ் கொஞ்சம் அகலம் பத்தாது" என்று ஒருநாள் திறந்தேன்.

4

கண்காட்சி நகரத்துக்குள், பழைய பண்டகசாலை ஒன்றைத் திருத்திய மண்டபத்தில் நடந்தது. பரிமளம் கூறைச்சேலையைக் கட்டி, அதன் மேல் குளிர்க் கோட்டைப் போட்டு, உள்ளே போனதும் கோட்டைக் கழற்ற மறுத்துவிட்டாள். "இந்தப் பிள்ளையள் போட்டிருக்கிற உடுப்பைப் பார்த்தால் எனக்குக் குளிருது" என்றாள்.

நான் பக்கத்து ரூஜ் பகுதியிலிருந்து கனகு அண்ணையையும் கூப்பிட்டிருந்தேன். ஊரில் எங்களுக்குப் பக்கத்துக் காணிக்காரர், தூரத்துச் சொந்தம். இங்கே வீடு விற்பனை முகவர். என் மகளின் படிப்பைப் பற்றி அவருக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. பின்னே ஏன் கூப்பிட்டேன்? அந்தப் பூவைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொள்ளக்கூடிய ஒருவராவது சபையில் இருக்கவேண்டும் என்று விரும்பினேன். அதற்காகத்தான்.

அந்த ஜாக்கெற் கடைசியாக வந்தது. டெனிம் உடம்பு, கையோரம் நெடுகத் தோல் குஞ்சம், மெக்சிக்கோக்காரர் வைப்பதுபோல வெள்ளி நிறப் பொத்தான் வரிசை. அதை அணிந்திருந்த பெண் மேடையின் முனையில் திரும்பி நின்றபோது முதுகின் தோல் துண்டில் விளக்கு விழுந்தது. மேலே பூ. கீழே அரை வட்டமும் கோடும். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். நெஞ்சு நிமிர்ந்துதான் தட்டினேன்.

முடிந்ததும் குவீன் வீதியில் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி வந்து, அந்த ஜாக்கெற்றை வசந்தகாலத்துக்குத் தன் கடைக் கண்ணாடியில் வைக்கவேண்டும், இருவருடைய பெயரும் போடுவேன் என்றார். நிலானி டேரியஸைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். அந்த நேரம்தான் கனகு அண்ணை வந்தார்.

"பிள்ளை, நான் உன்னை என்னவோ எண்டு நினைச்சன். கெட்டிக்காரி! கனடாவில நிண்டு எங்கட ஆக்களின்ரை குறியை எல்லாரும் பார்க்க ஏத்திப்போட்டாய்."

"எங்கட ஆக்கள் எண்டால்? தமிழ் ஆக்களோ, அங்கிள்?"

"சும்மா போ பிள்ளை. தமிழ் எண்டாப்போலை எல்லாரும் உதைச் சுடேலுமோ? ஊரில சுட்டால் தோலை உரிச்சிருப்பம்." அவர் சிரித்தார். டேரியஸைக் கண்ணால் காட்டிவிட்டு என் தோளில் தட்டினார். "அதுவும் உவன்ரையைக் கீழ வைச்சிருக்கிறாய் பார், அங்கதான் நிக்கிறாய். அப்பான்ரை மூளையெல்லோ!"

டேரியஸுக்குத் தமிழ் விளங்கவில்லை. தன்னைக் காட்டிச் சிரிக்கிறார் என்பது விளங்கியது. மரியாதைக்கு அவனும் சிரித்தான். நிலானி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

5

வீட்டுக்கு வரும் வழியில் கார் ஓட்டியது அவள். நெடுஞ்சாலையில் ஏறியதும் கேட்டாள்.

"அப்பா, அது எங்கட வீட்டுக் குறி இல்லை, என்ன?"

"வீட்டுக் குறி எழுத்து. இது சாதிக்குறி."

"தெரிஞ்சுதான் தந்தனீங்களோ?"

"ஓம்."

"மேல வைக்கச் சொன்னதும்?"

"ஓம்."

பின்னால் இருந்த பரிமளம், "பிள்ளை, ரோட்டைப் பார்த்து ஓடு" என்றாள்.

காரை நிறுத்தியபின் நிலானி கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு டேரியஸ் வருவான். நீங்களே சொல்லுங்கோ. நான் ட்ரான்ஸ்லேற் பண்ணமாட்டன்."

மறுநாள் பேஸ்மன்றில், அந்த ஜாக்கெற் பொம்மையில் மாட்டியிருக்க, நான் அவனுக்குச் சொன்னேன். என் ஆங்கிலம் பரீட்சைக்கும் உத்தியோகத்துக்கும் நன்றாக உதவிய ஆங்கிலம். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லையும் தேடினேன். முதலில் 'மரபுச் சின்னம்' என்றேன். தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து நிலானி, "இல்லை அப்பா" என்றாள். 'சமூக அடையாளம்' என்றேன். "இல்லை." பிறகு, பிறப்பால் எங்களைவிடத் தாழ்ந்தவர்கள் என்று நாங்கள் சொன்ன மனிதர்கள் வைத்திருக்கக்கூடாத குறி என்று சொன்னேன். வைத்த ஒருவரின் கன்றுக்கு நடந்ததையும் சொன்னேன். உன்னுடையதற்கு மேலே வைக்கச் சொன்னது அழகுக்காக அல்ல என்றும் சொன்னேன். இந்தமுறை அவள் இல்லை என்று சொல்லவில்லை.

டேரியஸ் ஜாக்கெற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அங்கிள், தோளில் சுட்ட கதையை நான் உங்களுக்குச் சொன்னது, நீங்கள் இதைக் கீறிக்கொடுப்பதற்கு முன்பா, பிறகா?"

"முன்பு" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். மேலே போய்ப் பரிமளத்திடம், "தாங்க்யூ, அன்ரி" என்றான். அவள் கோப்பையில் புட்டுப் போட்டுவைத்திருந்தாள். "காணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு அந்தச் சொல்லைச் சரியாகவே சொன்னான்.

6

நிலானி அந்தப் பூவைத் தானே பிரித்தாள். நான் உதவட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். நூல் முழுவதும் வந்துவிட்டது. துளைகள் நின்றுவிட்டன. டேரியஸின் தாயிடம் தொலைபேசியில் வழி கேட்டாள். தோல் அப்படித்தான், ஒருமுறை குத்தினால் மூடாது என்று அந்த அம்மா சொன்னாராம். நூல் இல்லாமலும் பூ அப்படியே தெரிந்தது. அவள் அந்தத் துண்டு முழுவதையும் வெட்டி எடுத்தாள். அதோடு டேரியஸின் குறியும் போயிற்று. இரண்டும் ஒரே தோலில் இருந்தன.

குவீன் வீதிப் பெண்மணி கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு வேறொரு மாணவியின் மழைக்கோட்டைக் கண்ணாடியில் வைத்தார். வேலையால் வரும்போது ஒருநாள் இறங்கிப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் கோட்டு.

டேரியஸ் மறுபடியும் வருகிறான். என்ன பேசி முடித்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புதிய தோலில் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். பரிமளத்தை இப்போதும் அன்ரி என்கிறான். அங்கிள் என்றழைத்த என்னை 'சேர்' என்கிறான். வலு மரியாதையாக.

எங்கள் வீட்டு எழுத்து இரண்டையும் கீறித் தரட்டுமா என்று மகளைக் கேட்டேன். "நான் கேட்டபோது தந்திருக்கவேணும், அப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோடை முடியத் தனியாக வீடு பார்த்துப் போகப்போகிறாள்.

இந்தக் குறிப்பை எழுதவைத்தது போன ஞாயிறு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. கனகு அண்ணை.

"தம்பி, மகனுக்கு ஒரு ஜாக்கெற் வேணும். பூவோடை. உன்ரை பிள்ளையிட்டைச் சொல்லு. மற்றது தேவையில்லை, பூ மட்டும்."

"அது இப்ப இல்லை, அண்ணை."

"ஏன்?"

நிலானி சமையலறையில் நின்றாள். பரிமளம் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினாள். எனக்கு அறுபத்தைந்து வயது. எவருக்கும் பயப்படவேண்டிய காரியம் ஒன்றும் இனி எனக்கு இல்லை.

"நூல் பிய்ஞ்சு போட்டுது, அண்ணை. அது நல்ல நூல் இல்லை" என்றேன்.

ரிசீவரை வைத்தபோது நிலானி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரிட்டைக்கூடச் சொல்லேலாமல் போச்சு, என்ன?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். டேரியஸிடம் நான் சொன்னதெல்லாம் அவள் கேட்டதால் சொன்னது என்று அவள் அந்த நிமிஷத்தில் நினைத்திருப்பாள். அதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

இந்தக் குறிப்பை நான் அனுப்பும் சஞ்சிகை கொழும்பிலிருந்து தபாலில் கனகு அண்ணைக்கு வருகிறது. அவர் வாசித்துவிட்டு எனக்குத் தருவார். இம்முறை எனக்கு முன்னால் அவர் இதை வாசிப்பார்.

அண்ணை, நூல் பிய்யவில்லை. அது நல்ல நூல். அந்தப் பூ என்னவென்று தெரிந்ததும் என் மகள் அதைப் பிரித்து எறிந்தாள். தெரிந்துகொண்டே கீறிக்கொடுத்தவன் நான். இனி உங்களுக்கு ஒன்று வேண்டுமென்றால் என்னிடம் கேட்காதீர்கள், அவளிடமே கேளுங்கள். கேட்கும்போது டேரியஸும் பக்கத்தில் இருப்பான்.